டிடிஎச் பாக்ஸில் ரெக்கார்டு பண்ணுகிறவர்கள் கவனத்துக்கு

டிடிஎச் பாக்ஸில் ஹார்டு டிஸ்க் மாட்டி நிகழ்ச்சிகளைப் பிடித்து வைத்திருக்கிறீர்களா? பாக்ஸ் போனால் பதிவும் சேர்ந்து போய்விடும். இதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் வாங்கினேன். "டிஸ்க்க மாட்டுங்க அண்ணாச்சி, தானா பதிவாயிரும். கம்ப்யூட்டர்ல போட்டுக்கூடப் பாக்கலாம்" என்றுதான் விற்றார்கள். என் மாமா வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவர். பொங்கலுக்கு டிவியில் வந்த அவர்கள் நிகழ்ச்சியை அதில் பிடித்து வைத்தோம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து யார் வந்தாலும் போடச் சொல்வார். குடத்தில் அடி விழுகிற இடம் வந்ததும், "ஏல, கொஞ்சம் பின்னால தள்ளு" என்பார்.

ஐப்பசி இடியில் பாக்ஸ் போச்சு. சர்வீஸ் ஆள் புதுசு மாட்டி, டிஸ்க்கைச் செருகினார். ஃபார்மட் பண்ணினால்தான் வேலை செய்யும், உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்று திரையில் ஒரு கட்டம். அவர் படித்துக்கூடப் பார்க்காமல் ஓகேயை அமுக்கப் போனார், ரிமோட்டைப் பிடுங்கிவிட்டேன். கம்ப்யூட்டரில் போட்டாலும் ஃபார்மட் பண்ணத்தான் கேட்கிறது.

விசாரித்ததில் தெரிந்தது: பாக்ஸ் பதிவு செய்யும்போதே பூட்டித்தான் எழுதுகிறது. சாவி அந்தப் பாக்ஸுக்குள். அதே மாடல் இன்னொரு பாக்ஸிலும் திறக்காது. ஓடுகிற பாக்ஸிலிருந்து, டிவிக்குப் போகிற ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாக நகல் எடுக்கலாம் என்றால் அங்கே ஹெச்டிசிபி என்று இன்னொரு பூட்டு. அதற்கு ஒத்துவராத கருவியில் கறுப்புத் திரைதான். பழைய பிரொஜக்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதி.

திருட்டுப் படம் விற்பவனைத் தடுக்க என்கிறார்கள். அவன் என் வீட்டு டிஸ்க்கை நம்பியா இருக்கிறான்? விசிஆர் காலத்தில் டிவியில் பிடித்த கேசட் தெருவில் எந்த வீட்டிலும் ஓடியது. 2012-இல் திருத்திய காப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவுகூட, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் தண்டனை என்கிறது. சொந்த உபயோகத்துக்கு 52-ஆம் பிரிவு ஓரளவு இடம் கொடுக்கிறது. ஆனால் சட்டம் விட்டாலும் பாக்ஸ் விடாதே!

கடையில் போய்க் கேட்டால், "அது கம்பெனி பாலிசி, எங்க கையில இல்ல." கம்பெனியோ ஏதோ சேனல் பேக்கை இலவசமாகத் தருகிறேன் என்றது. மாமாவுக்கு அது எதுக்கு? வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது.

புதிதாக வாங்குகிறவர்கள், பாக்ஸ் மாறினால் பழைய பதிவு ஓடுமா என்று கேளுங்கள். ஓடும் என்றால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், வீட்டு ஆட்கள் வந்த நிகழ்ச்சி ஏதாவது இருந்தால் பாக்ஸ் நன்றாக இருக்கும்போதே டிவித் திரையைச் செல்போனிலாவது பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சர்வீஸ் ஆள் வருவதற்குள் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.