உத்திர வளைவுச் சோதனைக் கருவி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் கல்லூரியின் பொருள் வலிமை ஆய்வகத்துக்குச் சென்ற ஆண்டு வாங்கிய உத்திர வளைவுச் சோதனைக் கருவியில் 1.2 மீட்டர் நீள எஃகுப் பட்டை, நகர்த்தக்கூடிய இரண்டு கத்திமுனைத் தாங்கிகள், எடைதாங்கிகள், பட்டையின் ஏற்ற இறக்கத்தை 0.01 மி.மீ. வரை காட்டும் மூன்று டயல் கேஜ்கள் (முள் அளவிகள்) ஆகியவை அடங்கும். சட்டகம் கனமானது, எடை ஏற்றும்போது அசைவதில்லை. நடு எடைதாங்கியின் வளையத்தில் துளை விட்டிருப்பதால் கேஜின் முனை நேராகப் பட்டையின் மீதே அமர்கிறது என்பதை, விலை கூடிய கருவிகளிலும் நான் காணாத கவனமாகவே கருதுகிறேன்.

குறை பட்டையிலிருந்து தொடங்குகிறது. கையேட்டில் அகலம் 25 மி.மீ., தடிமன் 6 மி.மீ. என்று இருக்கிறது. கத்திமுனைகளை 1 மீட்டர் இடைவெளியில் வைத்து நடுவில் 1 கிலோ ஏற்றினால், அந்த அளவுகளின்படி நடு இறக்கம் 2.27 மி.மீ. ஆக வேண்டும், எங்களுக்கோ ஒவ்வொரு முறையும் 2.51 வந்தது. பொருளின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் எஃகுக்கு ஏறத்தாழ 200 ஜிகா பாஸ்கல் இருக்க வேண்டும், மாணவர்கள் அதை 181 என்று எழுதிக்கொண்டு வந்தபோது எஃகையே சந்தேகித்தேன். பிறகு திருகு அளவியால் அளந்து பார்த்ததில் தடிமன் 5.80 மி.மீ. தான். வளைவதைப் பட்டையின் குறுக்குவெட்டு எவ்வளவு எதிர்க்கும் என்று சொல்லும் நிலைமத் திருப்புத்திறனில் தடிமன் மும்மடியாக (மூன்றாம் அடுக்காக) வருவதால், இந்த 0.2 மி.மீ. குறைவே இறக்கத்தை ஏறத்தாழ 11 விழுக்காடு கூட்டிவிடுகிறது.

இதைவிடப் பெரிய குறை கையேட்டிலேயே உள்ளது. நடு இறக்கத்தை அளந்து, பட்டை முழுவதும் ஒரே வட்டத்தின் வில்லாக வளைவதாகக் கொண்டு வளைவு ஆரத்தைக் கணக்கிடச் சொல்கிறது. நடுவில் ஒற்றை எடை தொங்கும் உத்திரத்தில் வளைவுத் திருப்புத்திறன், அதாவது பட்டையை வளைக்க முயலும் திருப்பு விளைவு, தாங்கிகளில் சுழியாகவும் நடுவில் உச்சமாகவும் இருப்பதால், அதை வளைவு விறைப்பால் (யங் குணகம் × நிலைமத் திருப்புத்திறன்) வகுத்துக் கிடைக்கும் வளைவும் இடத்துக்கு இடம் மாறும். ஒரே ஆரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் பட்டைக்கு நடுவில் ஆரம் 33.2 மீட்டர். கையேட்டின் வழியில் போனால் 50 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. மூன்று கேஜ்களை 100 மி.மீ. இடைவெளியில் வைத்து, நடு இறக்கத்துக்கும் பக்க இறக்கங்களுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து கணக்கிட்டால் 35.5 மீட்டர் கிடைக்கிறது. எஞ்சும் வேறுபாடு, உச்சத்தின் இருபுறமும் திருப்புத்திறன் சரிவதால் வருவது. ஆனால் 1 கிலோ எடையில் அந்த இறக்க வேறுபாடு 0.14 மி.மீ. மட்டுமே என்பதால், கேஜின் ஒரு பிரிவு தவறினாலும் விடை 7 விழுக்காடு ஆட்டம் காணும். 3 கிலோ ஏற்றுவது நல்லது. அதற்கு மேல் கேஜின் 10 மி.மீ. ஓட்டம் போதாமல் போகும்.

இத்தனைக்கும் பிறகு இதை வாங்கலாம் என்றே சொல்வேன், ஏனெனில் கத்திமுனைகளை 800 மி.மீ. இடைவெளிக்கு நகர்த்தி, வெளியே நீளும் இரு பக்கங்களிலும் தாங்கியிலிருந்து 150 மி.மீ. தள்ளி ஒரு கிலோ வீதம் தொங்கவிட்டால், தாங்கிகளுக்கு இடையே திருப்புத்திறன் மாறாமல் நிற்க, பட்டை உண்மையிலேயே வட்ட வில்லாக மேலே எழும்புகிறது. நடு ஏற்றம் கணக்கில் 1.45 மி.மீ., ஆரம் 55 மீட்டர்; கேஜ் 1.44 காட்டியது. கையேட்டின் சூத்திரம் பொருந்தும் இந்த அமைப்பைப் பற்றி அக்கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.