14,500 ரூபாயும் போச்சு, நாலு நாளும் போச்சு: ஆன்லைன் டாக்டர் செயலி எச்சரிக்கை

நான் சொல்லச் சொல்ல என் மனைவிதான் டைப் செய்கிறாள். எனக்கு விரல் நுனியெல்லாம் இன்னும் பஞ்சு சுற்றிய மாதிரி இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகி மூன்று நாள், ஆத்திரம் அடங்கவில்லை.

போன மாதம் நண்பர்களோடு கொல்லிமலை போனேன். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஏறினோம். வீடு திரும்பியதும் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, தானாக நின்றுவிட்டது. பத்து நாள் கழித்து ஒரு காலை பால் வாங்கக் கடைக்குப் போய் நிற்கிறேன், கடைக்காரர் "அண்ணே, ஒரு கால் செருப்பு எங்கே?" என்கிறார். பாதி வழியில் கழன்று கிடந்திருக்கிறது, பாதம் மரத்துப்போயிருந்ததால் எனக்குத் தெரியவே இல்லை.

லீவு போட முடியாத வாரம். வீடியோவில் டாக்டர் பேசும் செயலி ஒன்றில் பணம் கட்டினேன். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெத், "பயப்படாதீங்க சார், என் தம்பிக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். படி ஏறிய களைப்பு, வைட்டமின் பி12 குறைவு, நரம்புக்கு ஒரு பேக்கேஜ் இருக்கிறது, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து ஊசி போடுவார்கள், மொத்தம் 14,500 ரூபாய். கட்டினேன்.

மரத்துப்போனது முழங்காலுக்கு ஏறியது. கூப்பிட்டால் "மருந்து வேலை செய்யுது சார்". நாலாம் நாள் கழிப்பறையில் உட்கார்ந்தவன் எழ முடியவில்லை. 108ல் அரசு ஆஸ்பத்திரி. அங்கே டியூட்டி டாக்டர், சின்னப் பெண், சுத்தியால் முழங்காலைத் தட்டினார், கால் அசையவில்லை. உடனே கேட்டது: "சமீபத்துல வயித்தால போச்சா?" 14,500 ரூபாய் வாங்கியவர் கேட்காத கேள்வி! மூச்சுத் தசைக்குப் பலம் இருக்கிறதா என்று பார்க்க ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார், பதினாலோடு நின்றுவிட்டேன், அப்படியே ஐசியூ. கில்லன் பாரே சிண்ட்ரோமாம், 2025 ஜனவரியில் புனேவில் நிறைய பேருக்கு வந்ததே, அதேதான். வயிற்றுக் கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி நம் நரம்பையே தாக்கிவிடுமாம். அந்தத் தாக்குதலைத் தணிக்க ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். மூச்சுத் தசை இன்னும் தளர்ந்திருந்தால் வென்டிலேட்டர்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் முதலில் "ஏழு வேலை நாள்", அப்புறம் "வேறு டிபார்ட்மென்ட்", கடைசியில் "பேக்கேஜ் ஆக்டிவேட் ஆகிடுச்சு சார்". 14,500 ரூபாய் சார், என் பாதிச் சம்பளம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இரண்டு காலும் மரத்து மேலே ஏறினால் வீடியோவில் காட்டாதீர்கள், நேரே ஆஸ்பத்திரி. வயிற்றுப்போக்கு வந்திருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பேக்கேஜுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

இதோ, மூன்றாவது ஊசி போட ஆள் அனுப்பட்டுமா என்று அவர்களிடமிருந்தே போன். மனைவி வாங்கிப் பேசப் போகிறாள், மீதி அப்புறம்.