ரோஜா வரைபடம்: துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைப்பதா, அடுக்குவதா, பிரிப்பதா?

வட்டத்தைத் துண்டுகளாக்கி, துண்டின் அளவால் எண்ணைக் காட்டும் படம்தான் ரோஜா வரைபடம். ஒரு வட்டத்தை மாதத்துக்கு 30 பாகை வீதம் 12 துண்டாக்கி, ஒரே துண்டுக்குள் மூன்று எண்களைக் காட்ட வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போர் மரணங்களுக்காக 1858இல் வெளியிட்ட படத்தின் எண்களை வைத்தே இவற்றை ஒப்பிடலாம். 1855 ஜனவரியில் தொற்றுநோயால் 2,761 பேரும், காயத்தால் 83 பேரும், பிற காரணங்களால் 324 பேரும் இறந்தார்கள். அந்த மாத வேகத்தை ஓராண்டுக்கு நீட்டி ஆயிரம் வீரர்களுக்குக் கணக்கிட்டால் 1022.8, 30.7, 120 என்று வரும்.

எந்த வழியானாலும் எண்ணுக்கு ஈடாக நிற்க வேண்டியது பரப்பு, ஆரம் அல்ல. அதனால் ஆரத்துக்கு எண்ணின் வர்க்கமூலத்தை எடுக்க வேண்டும். 1022.8க்கு 10 செ.மீ. ஆரம் வைத்தால் 120க்கு 3.4 செ.மீ., 30.7க்கு 1.7 செ.மீ. ஆரத்தை நேரடியாக எண்ணுக்கு ஏற்ப நீட்டிவிட்டால், நோய்க்கும் பிற காரணங்களுக்கும் உள்ள எட்டரை மடங்கு வித்தியாசம் பரப்பில் சுமார் 73 மடங்காகிவிடும். படம் பொய் சொல்லும்.

நைட்டிங்கேல் தேர்ந்தது ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் முறை. மூன்று துண்டுகளுமே மையத்திலிருந்துதான் தொடங்கும். சிறியது பெரியதன்மேல் படிந்திருக்கும். அடித்தளம் ஒன்றே என்பதால் ஒவ்வொரு காரணத்தையும் மாதத்துக்கு மாதம் நேராக ஒப்பிட முடிகிறது. இந்த முறையின் பெரிய பலம் இதுதான்.

சிக்கல் வரைகிற வரிசையில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் பெரியதை முதலில், சிறியதைக் கடைசியில் வரைய வேண்டும். எல்லா மாதத்துக்கும் ஒரே நிற வரிசையை வைத்தால் ஏதாவதொரு மாதத்தில் ஒரு துண்டு மறைந்துபோகும். 1854 நவம்பரில் காயம் 115.8, பிற காரணங்கள் 42.8, 1855 ஜனவரியின் வரிசை அங்கே தலைகீழானது. காயத்தைக் குறிக்கும் அந்த மாதத்தின் சிவப்புத் துண்டின் குறுக்கே, பிற காரணங்களின் எல்லையாக ஒரு கருப்புக் கோடு போட்டு, அதற்கு விளக்கமும் எழுத வேண்டியிருந்தது. இரண்டு மதிப்புகள் சமமாகிவிட்டால் வரிசையும் கைகொடுக்காது. 1854 அக்டோபரிலும் 1855 ஏப்ரலிலும் கருப்பு சிவப்போடு ஒன்றிவிட்டது என்பதையும் படத்தின் குறிப்பே சொல்கிறது. ஒளி ஊடுருவும் நிறம் பூசினால் தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். நிறங்கள் கலந்து விளக்கப் பட்டியலில் இல்லாத புது நிறம் பிறக்கும்; வாசகர் அதை நான்காவது காரணம் என்று எண்ணுவார். அடர்நிறமும் மெல்லிய கரைக்கோடும் போதும்.

அடுக்கும் முறையில் மொத்த மரணம் வெளி விளிம்பில் தெரியும். முந்தைய முறையில் அது தெரியவே தெரியாது. ஆனால் இங்கே கூட்டிய பிறகுதான் வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 30.7, 150.7, 1173.5 ஆகியவற்றுக்கு முறையே 1.6, 3.6, 10 செ.மீ. ஆர் மொழியின் வரைபட நிரல்தொகுப்பான ஜிஜிபிளாட்டில் அச்சை வர்க்கமூல அளவுக்கு மாற்றி அடுக்கினால், அது மூலங்களை எடுத்த பின் கூட்டும், விடை தவறு. ஆரங்களை நீங்களே கணக்கிட்டுக் கொடுங்கள். பைதான் மொழியின் வரைபட நிரல்தொகுப்பான மேட்பிளாட்லிப்பின் துருவ அச்சிலும் (வட்டமாக வரையும் அச்சு) ஆரங்களை நீங்களே கணக்கிட்டுக் கொடுப்பது நல்லது. கணக்குச் சரியாக இருந்தாலும் ஒரு குறை மிஞ்சும். உள்ளே வைத்தால் 1.6 செ.மீ. நீளும் அதே 30.7, வெளி விளிம்பில் வைத்தால் 1.3 மி.மீ. பட்டையாகச் சுருங்கும். பரப்பு ஒன்றே, கண் அதை நம்பாது.

மூன்றாவது, 30 பாகையை 10 பாகை வீதம் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வரைவது. மறைவதும் இல்லை, வரிசைக் கவலையும் இல்லை. மதிப்புகள் நெருக்கமாக இருந்தால் இதையே எடுங்கள். 30.7இன் துண்டு விளிம்பில் வெறும் 3 மி.மீ. அகலம்தான், ஆனாலும் தெரியும். நாலைந்து காரணங்கள் வந்தால் ஊசிகளாகிவிடும்.

மாதக் கணக்கில் மூன்று காரணங்களுக்குள், இடைவெளி பெரிதாக இருக்கும்போது என் தேர்வு நைட்டிங்கேலின் வழி. ஒரு நிபந்தனை: அவர் செய்தது போலவே, பரப்புகள் எல்லாம் மையத்திலிருந்து அளக்கப்பட்டவை என்று படத்தின் கீழே எழுதுங்கள். எழுதாவிட்டால் பாதிப்பேர் அதை அடுக்கிய படமாகவே படிப்பார்கள்.