கெளுத்திக்கு மண்புழுவா, கோழிக் குடலா?

பெங்களூரு ஹலசூரில் இருக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தூண்டில்தான். கனகபுரா சாலைப் பக்கம் ஒரு கிராமத்து ஏரிக்குப் போவேன். மூன்று வருடம் மண்புழுவோடு போராடிவிட்டு, போன மழைக்காலத்தில் கோழிக் குடலுக்கு மாறினேன். திரும்பிப் போவதாக இல்லை.

மண்புழு எளிதில் கிடைக்கும். ஊர்ப் பையன்களே கன்னடத்தில் 'எரெஹுளு' என்று தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்து தருவார்கள். எல்லா மீனும் அதைத் தின்னும். பிரச்சினையும் அதுதான். ஏரி முழுக்க ஜிலேபி மீன் (திலாப்பியா) மண்டிக் கிடக்கிறது. தூண்டில் போட்டு ஒரு நிமிடம் ஆகாது, தக்கை படபடக்கும். எடுத்துப் பார்த்தால் இரை போய் வெறும் தூண்டில் முள். கெளுத்தி அடியில் மேய்கிற மீன். மீசையிலும் உடம்பு முழுக்கவும் சுவை மொட்டுகள் இருப்பதால் கலங்கல் தண்ணீரிலும் இருட்டிலும் இரையைத் தேடி வந்துவிடும். ஆனால் வந்து சேர நேரம் பிடிக்கும். அதுவரை இரை முள்ளில் நிற்க வேண்டும். எனக்கு இது ஒன்றுதான் கணக்கு.

குடல் நிற்கும். கோழிக்கடையில் கேட்டு வாங்கி, அலசி, விரல் நீளத்துக்கு நறுக்கி, கல் உப்பு போட்டு ஒரு ராத்திரி டப்பாவில் மூடி வைத்தால் ரப்பர் மாதிரி இறுகிவிடும். மூன்று நான்கு மடிப்பாகக் குத்தி, நுனியைக் கொஞ்சம் தொங்கவிட வேண்டும். முள்ளின் முனை வெளியே தெரியட்டும். குடலுக்குள் புதைந்துவிட்டால் மீன் வாயில் ஏறாது. ஜிலேபி கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஈரலுக்கும் நல்ல வாடைதான், ஆனால் வீசும்போதே பிய்ந்து விழும். தையல் நூல் சுற்றிக் கட்டினால்தான் உண்டு. மாவு உருண்டை கெண்டைக்குச் சரி. இறால் இரண்டே தடவைதான் போட்டேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் இடம். கோடையில் ஆழமான மதகடி. மழை பெய்த மறுநாள் சாயங்காலம் என்றால் வாய்க்கால் ஏரியில் சேரும் இடம்தான். புதுத்தண்ணீர் புழு பூச்சியை அடித்துக்கொண்டு வரும், கெளுத்தி அங்கே கூடும். முழங்கால் ஆழத்திலேயே அரைக் கிலோ மீன் எடுத்திருக்கிறேன். மீன் குத்தகை எடுத்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன். அர்க்காவதி காவிரியில் சேரும் சங்கமா சரணாலயத்துக்குள் இருக்கிறது, அங்கே தூண்டில் கூடாது. சாக்கடை சேரும் பெள்ளந்தூர் மாதிரி ஏரியில் பிடித்த மீன் குழம்புக்கு வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் தண்ணீரில் திரும்ப விடாதீர்கள். அதை வளர்க்கவே நாட்டில் தடை இருக்கிறது, உள்ளூர் மீனையெல்லாம் தின்று தீர்த்துவிடும்.

தூண்டில் முள்ளைக் கழற்றும்போது மீனை ஈரத்துணியால் பிடியுங்கள். பக்கத் துடுப்பு முள் குத்தினால் கடுக்கும். தேளி என்கிற கெளுத்தி வகையாக இருந்தால் விஷம் வேறு. பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி இறங்கும். அதற்காகவே பிளாஸ்க் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.