18,500 ரூபாய்க்கு ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார்: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

18,500 ரூபாய். எண்ணிக் கையில் கொடுத்த பணம். கிடைத்தது, எங்கள் மோரிஸ் மைனரில் கிர்ரென்று வெறுமனே சுற்றும் ஒரு மோட்டார். எஞ்சின் அசையவே இல்லை. கும்பகோணத்திலிருந்து வயிறெரிந்து எழுதுகிறேன். எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

வண்டி 1959 மாடல், 948 சிசி, அப்பா வாங்கியது. எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டரின் ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் சுருள்) கருகிவிட்டது. திருச்சியில் பழைய கார் உதிரிபாகம் விற்கும் ஒரு கடைக்கு அதைக் கழற்றியே கொண்டுபோனேன். கடைக்காரர் துணியால் துடைத்து, மேலே பொறித்திருந்த லூகாஸ் கம்பெனி எண்ணை வாய்விட்டுப் படித்தார். அங்கேதான் நம்பினேன். எண்ணைப் பார்ப்பவர் தொழில் தெரிந்தவர் அல்லவா? "காயில் கட்டுவது வீண் செலவு அண்ணே. கியர் வைத்த புது மாடல் தருகிறேன், போல்ட்டை முடுக்கினால் முடிந்தது" என்றார். என் வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பாடியோடு இணைந்திருப்பது என்று சொன்னேன். "அதெல்லாம் ஒன்றும் செய்யாது" என்று பில் போட்டு, பழையதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒன்றும் செய்யாதா? பழைய லூகாஸில் காந்தப்புலத்தை உண்டாக்குவது ஃபீல்டு காயில் என்னும் கம்பிச்சுருள். பேட்டரியைத் திருப்பி இணைத்தாலும் காயில், ஆர்மேச்சர் இரண்டிலும் மின்னோட்டம் சேர்ந்தே திரும்பும். அதனால் ஒரே பக்கம்தான் சுற்றும். இவர் என் தலையில் கட்டியதோ நெகட்டிவ் எர்த் வண்டிக்கான நிலைக்காந்த மோட்டார்; அதில் ஃபீல்டு காயிலுக்குப் பதில் நிரந்தரக் காந்தம். இணைப்பு மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும். மோட்டாரின் சின்னப் பல்சக்கரமான பினியன், எஞ்சினின் ஃப்ளைவீல் பல்லில் சேர்ந்தாலும், ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கும் ஒருவழிக் கிளட்ச் பிடிக்காமல் வழுக்கிவிடும். எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்.

கடைக்குப் போன் செய்தால், "உங்கள் மெக்கானிக்குக் கோக்கத் தெரியவில்லை." மறுபடி செய்தால், "பேட்டரி ஒயரை மாற்றிப் போடுங்கள்." அப்படிப் போட்டால் டைனமோவையும் துருவம் மாற்றியாக வேண்டும், அதைப் பற்றி மூச்சே இல்லை. அப்புறம், "முதலாளி வெளியூர்." நேரில் போனேன். பில்லின் அடியில் இருந்த ரப்பர் ஸ்டாம்பைக் காட்டினார்கள்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. என் பழைய மோட்டாரையாவது கொடுங்கள் என்றேன். "காயலான் கடைக்குப் போட்டாயிற்று" என்று ஒரு பையன் சொல்கிறான்! 18,500 ரூபாய் போனதைவிட இதுதான் ஆறவில்லை. காயில் கட்டியிருந்தால் அது இன்னும் பல வருடம் உழைத்திருக்கும். ஆவணியில் தங்கை மகனின் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் என்று பேசியிருக்கிறோம். இப்போது முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்ப வேண்டியிருக்கிறது.

பழைய மோட்டாரைக் கைவிட்டுக் கொடுக்காதீர்கள். பினியன் பற்களை எண்ணுங்கள், சுற்றும் திசையைப் பாருங்கள். 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, எர்த் எது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மற்றதை எழுத இப்போது பொறுமை இல்லை. தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த 18,500 ரூபாயை விடப் போவதில்லை.