"நாளைக்கு வாங்க ஆச்சி" என்று திருப்பி அனுப்பும் கடை

காரைக்குடியில் செக்காலை ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிற சின்ன ஜெராக்ஸ் கடை அது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. கடைப் பெயரைப் போட்டு எழுதலாமா என்று கேட்டேன். "வேணாம் ஆச்சி, இப்பவே வர்றவுகளுக்கு உக்கார இடமில்ல" என்றார் அந்தத் தம்பி. அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். ஆனால் திறக்காமல் போன மெயில் கணக்கோடு அங்கே போன எனக்கு நடந்ததை எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

எங்கள் வீடு பள்ளத்தூரில். வீடு ஒன்று, புள்ளி பதினொன்று; கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. பங்காளிகள் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். ஊரில் இருப்பது நான் மட்டும். வீட்டுப் பொதுக் காரியங்களுக்கென்று எங்க வீட்டுக்காரர் 2014-இல் ஒரு மெயில் கணக்கு தொடங்கினார். வீட்டு வரி ரசீது, கரண்டு பில், முகப்பு ஓடு மாற்றிய கணக்கு, பத்திர நகல் எல்லாம் அதில்தான். எல்லாவற்றையும் விட முக்கியம், முன்னோர்களைக் கும்பிடும் படைப்புக்கான நோட்டு. என் மாமனார் கைப்பட எழுதியது. எந்தச் சேலை யார் பெயரில் படைக்க வேண்டும், எந்த வேட்டி யாருக்கு, என்னென்ன சமைக்க வேண்டும், ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். அதை எங்க வீட்டுக்காரர் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து மெயிலில் போட்டு வைத்திருந்தார். நோட்டு பிறகு கரையானுக்குப் போய்விட்டது. அவரும் போய் மூன்று வருஷம் ஆகிறது. மிச்சம் இருந்தது அந்தப் படங்கள்தான்.

மாசியில் படைப்பு. தை பிறந்ததும் பட்டியல் எடுக்கலாம் என்று பார்த்தால் கணக்கு திறக்கவில்லை. ஒரே பாஸ்வேர்டை ஆறு வீட்டார் வைத்திருந்தோம். யாரோ எங்கிருந்தோ நுழைகிறார்கள் என்று எச்சரிக்கை வந்ததால், சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனார் மகன் நல்லெண்ணத்தில் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறான். அந்த "யாரோ" கோயம்புத்தூரில் இருந்த எங்கள் பங்காளியேதான். புதிய பாஸ்வேர்டு அவன் போனில் மட்டும் பதிந்திருந்தது. அந்த போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. அவனுக்கும் நினைவில்லை.

முதலில் வேறு ஒரு கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் நான் சொல்லி முடிப்பதற்குள் தட்ட ஆரம்பித்துவிட்டான். பழையது ஒன்று, பிறந்த வருஷம் சேர்த்து ஒன்று, ஊர்ப் பெயர் சேர்த்து ஒன்று. ஏழு தடவை. "பல முறை முயன்றுவிட்டீர்கள், பிறகு முயலவும்" என்று வந்து நின்றது. இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டான். சென்னைப் பங்காளி வீட்டு மருமகள் இணையத்தில் தேடி ஒரு கஸ்டமர் கேர் நம்பர் எடுத்துக் கொடுத்தாள். பேசினவன், ஒரு செயலியைப் போனில் ஏற்றச் சொல்லி, ஐந்து ரூபாய் மட்டும் கட்டச் சொன்னான். ஏதோ சரியில்லை என்று பட்டது, வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் இந்தத் தம்பியிடம் போனேன். அந்தக் கஸ்டமர் கேர் கதையைச் சொன்னபோது மட்டும்தான் அவர் குரல் உயர்ந்தது. "அந்தச் செயலிய ஏத்துனீகளா? உள்ள எதுவும் தட்டுனீகளா?" இல்லை என்றதும்தான் மூச்சு விட்டார். அந்தச் செயலியை ஏற்றினால் நம் போன் திரை முழுக்க அவனுக்குத் தெரியும், ஐந்து ரூபாய் கட்டும்போது தட்டுகிற பின் நம்பரும் தெரிந்துவிடக்கூடும் என்று விளக்கினார். பணம் ஏதாவது போயிருந்தால் யோசிக்காமல் சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அடிக்கச் சொன்னார்.

அடுத்த அரை மணி நேரம் அவர் கீபோர்டைத் தொடவே இல்லை. பாழான ஜெராக்ஸ் தாள் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தார். கணக்கு எந்த வருஷம் தொடங்கியது? எந்தக் கருவியில் அதிகம் திறப்பார்கள்? எந்த வீட்டு வைஃபையில்? உறுதியாகத் தெரிந்த கடைசிப் பாஸ்வேர்டு என்ன, அதில் பெரிய எழுத்து எங்கே? பாஸ்வேர்டைச் சொல்லப் போனேன். "எங்கிட்டச் சொல்லாதீக, வீட்டுல ஒரு தாள்ல எழுதிப் பாருங்க, கை ஞாபகம் வச்சிருக்கும்" என்றார்.

பிறகு கேட்டார், ஓடிபி எந்த நம்பருக்குப் போகும் என்று. எங்க வீட்டுக்காரர் நம்பர். அவர் போன பிறகு அதற்கு ரீசார்ஜ் போடவில்லை. ஒரு நம்பர் துண்டிக்கப்பட்டால் 90 நாள் வரை வேறு யாருக்கும் தரக்கூடாது என்பது தொலைத்தொடர்புத் துறை விதி, அதற்குப் பிறகு தரலாம் என்றார். அடித்துப் பார்த்தோம். மணி அடித்தது. வேறு ஊர்க்காரர் ஒருவர் எடுத்தார். எங்க வீட்டுக்காரர் நம்பரில் வேறொரு குரலைக் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. தம்பியே மன்னிப்புக் கேட்டு வைத்தார். போனை எடுத்தவரிடம் ஓடிபி கேட்டு வாங்கலாமே என்றேன். "அவுக நல்லவுகளாவே இருக்கட்டும் ஆச்சி. ஒருத்தர் ஓடிபிய இன்னொருத்தர் கேக்குற பழக்கமே வேணாம்" என்றார். அது சரியென்றுதான் இன்றைக்கும் எனக்குப் படுகிறது.

அன்றைக்கே முடித்துவிடலாம் என்று போன எனக்கு அவர் சொன்னது: "ரெண்டு நாள் யாரும் கைய வைக்கக் கூடாது. ஆறு வீட்டுக்கும் சொல்லிருங்க." தப்பாகத் தட்டத் தட்டப் பூட்டு இறுகும், ஆளுக்கொரு ஊரிலிருந்து முயன்றால் திருடன் என்றுதான் அந்த இயந்திரம் நினைக்கும் என்றார். அதோடு இன்னொன்று. இந்தக் கடைக் கம்ப்யூட்டர் உங்கள் கணக்குக்கு அந்நியம், ஐயா பயன்படுத்திய பழைய டேப்லெட் இருந்தால் வீட்டிலேயே, வீட்டு வைஃபையிலேயே முயலுங்கள் என்றார். கையில் வந்த வேலையை எந்தக் கடைக்காரர் இப்படி வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்?

இரண்டாம் கட்டு அறையில் பீரோவுக்குள் அந்த டேப்லெட் இருந்தது. ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டேன். மூன்றாம் நாள் காலையில், தம்பி எழுதிக் கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் சொன்னபடி முதலில் தேதி, நேரம் சரியா என்று பார்த்தேன், 2022-இல் நின்றிருந்தது. தானாக நேரம் எடுக்கும்படி மாற்றினேன். பிறகு, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்ற இடத்தைத் தொட்டேன். நினைவிருக்கும் பழைய பாஸ்வேர்டைக் கேட்டது, போட்டேன். நம்பரைக் காட்டியபோது, தாளில் எழுதியிருந்தபடி, வேறு வழி என்பதைத் தொட்டேன். ஒரு மெயில் முகவரி வந்தது: முதல் இரண்டு எழுத்து, பிறகு வெறும் புள்ளிகள், கடைசியில் ஓர் எண். அந்த எண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் மகள் கல்லூரியில் படிக்கும்போது வைத்திருந்த முகவரி. எங்க வீட்டுக்காரர் அதைக் கொடுத்து வைத்திருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. மகளுக்குப் போன் போட்டேன். அவள் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்கத் தட்டினேன். திறந்தது. முதலில் கண்ணில் பட்டது அவர் எனக்கு அனுப்ப எழுதி, அனுப்பாமலே விட்ட கரண்டு பில் கணக்கு. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் திரும்பப் போனேன். நான் புதுப் பாஸ்வேர்டு தட்டும்போது அவர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். பிறகு என் நம்பரையும் மகள் நம்பரையும் சேர்க்க வைத்தார். போன் இல்லாவிட்டாலும் நுழைய உதவும் பத்துக் காப்பு எண்களை அச்செடுத்தார். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும், பயன்படுத்தியதை அடித்துவிட வேண்டும். படைப்புப் படங்களையும் ரசீதுகளையும் தனித்தனிக் கோப்புறையில் போட்டு, பங்காளிகள் அவரவர் கணக்கிலிருந்தே பார்க்கும்படி பகிர்ந்து கொடுத்தார். ஆறு வீட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு என்ற ஏற்பாடு அதோடு ஒழிந்தது.

அன்று எனக்கு முன்னால் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் இருந்தார். பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன், தப்பு என்கிறது என்று நொந்துபோயிருந்தார். தம்பி பாஸ்வேர்டு கட்டத்தில் இருந்த கண் படத்தைத் தொட்டு எழுத்துகளைத் தெரியும்படி செய்தார். போன் தானாகவே முதல் எழுத்தைப் பெரிதாக்கியிருந்தது. கடைசியில், கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இடைவெளி. இரண்டையும் வாத்தியாரையே திருத்தச் சொன்னார். திறந்துவிட்டது. அதற்குக் காசு வாங்கவில்லை.

என்னிடம் எல்லாம் சேர்த்து அறுபது ரூபாய், அச்சுச் செலவு உட்பட. கூடக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

குறை இல்லாமல் இல்லை. கட்டணப் பட்டியல் ஒட்டவில்லை. புதிதாக வருபவர்கள் தயங்குகிறார்கள். ஜெராக்ஸ் மெஷின் ஓடினால் பேசுவது காதில் விழாது. வாசல்படி உயரம், முழங்கால் வலிக்காரர்கள் கூட ஒருவரை அழைத்துப் போவது நல்லது. ஆட்கள் நின்றால் யார் முன்னால் வந்தது என்பதில் சச்சரவும் வரும். ஒரு டோக்கன் வைத்தால் தேவலை. அவசரக்காரர்களுக்கு இந்தக் கடை ஒத்துவராது, முதல் நாளிலேயே முடிவதில்லை.

காலை பத்து மணிக்குத் திறக்கிறார். மதியம் ஒன்றரையிலிருந்து நான்கு வரை சாத்தியிருக்கும். போகும்போது பழைய போன், பழைய டேப்லெட் எது இருந்தாலும் சார்ஜரோடு எடுத்துப் போங்கள். அதைக் கேட்பார்.

மாசிப் படைப்புக்கு மாமனார் எழுத்தைப் பார்த்தே சேலைகளை வரிசை வைத்தோம்.