லைசென்ஸ் சர்வரை எங்கே வைப்பது: ஆபீஸிலா, கிளவுடிலா?

பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா பக்கம் 15, 20 டிசைனர்களை வைத்து நடத்தும் சிறு நிறுவனங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நம் ஊர்க்காரர்கள் நடத்துவதும், நம்மவர்கள் வேலை பார்ப்பதும் அங்கே நிறைய. ஆன்சிஸ், மேட்லாப், சாலிட்வொர்க்ஸ் போன்ற பொறியியல் மென்பொருள்களை ஆளுக்கொன்று வாங்கினால் கட்டுப்படியாகாது. அதனால் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஃப்ளோட்டிங் லைசென்ஸ் ஆறோ எட்டோ வாங்கி, தேவைப்படும்போது எடுத்து, முடிந்ததும் விட்டுவிடுவார்கள். யார் எடுத்தார், எத்தனை மிச்சம் என்று கணக்கு வைப்பதுதான் லைசென்ஸ் சர்வர். அதைச் சீனியர் டிசைனரின் வொர்க்ஸ்டேஷனிலேயே ஓட்டலாம், தனியாக ஒரு மினி பிசி வாங்கலாம், இருக்கிற சர்வரில் விஎம் (ஒரு மெஷினுக்குள் மென்பொருளாலேயே உருவாக்கும் இன்னொரு மெஷின்) போடலாம், வாடகைக்கு மெஷின் தரும் கிளவுடுக்கும் போகலாம்.

என் ஓட்டு மினி பிசிக்கு.

வொர்க்ஸ்டேஷனில் ஓட்டுவது செலவில்லாத வழி என்று தோன்றும். ஆனால் அந்த மெஷின் ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆனால் மொத்த ஆபீஸும் நிற்கும். அவர் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது பழக்கதோஷத்தில் ஷட்டவுன் செய்தாலும் அதே கதிதான். இதை விட்டுவிடுங்கள்.

மினி பிசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லைசென்ஸ் கொடுக்கும் வேலைக்குப் பெரிய பிராசசரோ நிறைய ரேமோ தேவையே இல்லை. 15 வாட் இழுக்கும் பெட்டி ராப்பகலாக ஓடினாலும் மாதத்துக்குச் சுமார் 11 யூனிட்தான். பெங்களூரின் மின்வாரியமான பெஸ்காமின் கரண்ட் போனால் சின்ன யூபிஎஸ்ஸே நெடுநேரம் தாங்கும். நெட்வொர்க் ஸ்விட்ச்சையும் அதே யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்விட்ச் அணைந்தால், சர்வர் உயிரோடு இருந்தும் யாருக்கும் எட்டாது. கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) ஒரு செட்டிங் இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள்.

லைசென்ஸ் ஃபைல் பெரும்பாலும் அந்த மெஷினின் மேக் அட்ரஸோடு, அதாவது நெட்வொர்க் இணைப்புக்கென்று உள்ள அடையாள எண்ணோடு, கட்டப்பட்டிருக்கும். போர்டிலேயே உள்ள ஈதர்நெட்டின் அட்ரஸைத்தான் கொடுக்க வேண்டும். வைஃபையோ யூஎஸ்பி அடாப்டரோ வேண்டாம், அடாப்டரைக் கழற்றினால் லைசென்ஸும் போயிற்று. மெஷினை மாற்றினால் விற்பனையாளரிடம் கேட்டுப் புது ஃபைல் வாங்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும்.

அடுத்தது ஃபயர்வால், அதாவது நெட்வொர்க்கில் எது உள்ளே வரலாம் என்று தடுத்துப் பார்க்கும் காவல். இந்த மென்பொருள்களில் பலவும் ஃப்ளெக்ஸ்நெட் என்ற லைசென்ஸ் மேலாண்மை முறையில் இயங்குகின்றன. அதில் இரண்டு புரோகிராம்கள் உண்டு: எல்எம்ஜிஆர்டி என்ற பொதுவான ஒன்று, மென்பொருள் நிறுவனத்துக்கே உரிய வெண்டர் டீமன் மற்றொன்று. முதலாவது பொதுவாக 27000 என்ற போர்ட்டில் (நெட்வொர்க்கில் ஒரு புரோகிராமை எட்டும் கதவு எண்ணில்) நிற்கும். இரண்டாவதற்குப் போர்ட் குறிப்பிடாவிட்டால், ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் ஏதோ ஒரு போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். நேற்று வரை ஓடியது இன்று ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு ஓடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். லைசென்ஸ் ஃபைலில் வெண்டர் வரியின் கடைசியில் போர்ட் எண்ணை எழுதிவிட்டு, இரண்டு போர்ட்டையும் ஃபயர்வாலில் திறந்தால் தீர்ந்தது.

விஎம்முக்கு வருவோம். ஏற்கெனவே நல்ல சர்வரும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் இதுவும் நல்ல வழிதான். பேக்கப் எடுப்பது எளிது. ஆனால் விஎம்மின் மேக் அட்ரஸை யாரும் மாற்றலாம் என்பதால், சில நிறுவனங்கள் விஎம்மை ஏற்பதில்லை. வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். யூஎஸ்பி டாங்கிள் (லைசென்ஸுக்குச் சாவி போல மெஷினில் செருகும் சிறு கருவி) தேவைப்படும் மென்பொருள் என்றால் மினி பிசிதான் நிம்மதி.

ஒரு சர்வர் போதுமா, மூன்று வேண்டுமா என்றும் கேட்பார்கள். ஃப்ளெக்ஸ்நெட்டில் மூன்று சர்வர்களைக் கோத்து, அதில் இரண்டு உயிரோடு இருந்தாலே லைசென்ஸ் கிடைக்கும்படி செய்யலாம். ஆனால் மூன்றையும் ஒரே அறையில், ஒரே ஸ்விட்ச்சில், ஒரே யூபிஎஸ்ஸில் வைத்தால் அதில் என்ன பாதுகாப்பு? அதைவிட, விற்பனையாளர் சம்மதித்தால் எட்டு லைசென்ஸை ஐந்தும் மூன்றுமாக இரண்டு மெஷினில் பிரித்து வைக்கலாம். டிசைனர்களின் மெஷினில் இரண்டு சர்வரையும் வரிசையாகக் குறித்துவிட்டால், ஒன்று போனாலும் மற்றதில் வேலை ஓடும்.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதைவிட, லைசென்ஸை யாருக்கு எப்படித் தருவது என்று விதி எழுதி வைக்கும் ஆப்ஷன்ஸ் ஃபைல் முக்கியம் என்பேன். மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகிறவரிடமிருந்து, குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் லைசென்ஸைத் திரும்ப எடுக்க அதில் வழி உண்டு. மென்பொருளும் அதை ஏற்க வேண்டும். அவசர வேலைக்கென்று ஒன்றை ஒதுக்கி வைக்கலாம். சர்வரோடு தொடர்பு இல்லாத இடத்துக்கு லைசென்ஸை இரவல் எடுத்துப் போகும் வசதி இருந்தால், அதிகபட்சம் எத்தனை மணி நேரம், எத்தனை லைசென்ஸ் கட்டாயம் ஆபீஸில் மிஞ்ச வேண்டும் என்று வரம்பு போடுங்கள். தீபாவளிக்கு முந்தைய நாள் எல்லோரும் இரவல் எடுத்துக்கொண்டு சேலத்துக்கும் கோவைக்கும் கிளம்பிவிட்டால், இங்கே டெலிவரிக்காக உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுகூட இருக்காது. இரவல் போனதைக் கெடு முடியும் முன் சர்வர் பக்கமிருந்து பிடுங்குவதும் கஷ்டம்.

சில இடங்களில் இந்தத் தேர்வே நம் கையில் இல்லை. ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் 2020-லிருந்து பகிர்வு லைசென்ஸைக் கைவிட்டு, ஒவ்வொரு பயனருக்கும் தனிப் பெயரில் தரும் முறைக்கு மாறத் தொடங்கியது. அதற்கு சர்வர் தேவையில்லை. ஷிஃப்ட் முறையில் ஒரே லைசென்ஸை இருவர் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய ஆபீஸ்களுக்கு அது நஷ்டம்தான்.

அப்படியானால் கிளவுடை எப்போது எடுப்பது? ஆட்களில் பாதிப் பேர் ஓசூரிலும் கோவையிலும் உட்கார்ந்து வேலை செய்தால், பெங்களூர் ஆபீஸின் கரண்டையும் இணைய இணைப்பையும் நம்பி அவர்களை நிறுத்தி வைப்பது சரியில்லை. அப்போது அமேசான் கிளவுடின் மும்பை ரீஜியனில் (மும்பையில் உள்ள தரவு மையங்களில்) சிறிய லினக்ஸ் மெஷின் ஒன்று போதும். மேக் அட்ரஸைத் தாங்கும் நெட்வொர்க் இன்டர்ஃபேஸை மட்டும் தனியாக உருவாக்கி இணையுங்கள். நாளைக்கு மெஷினை மாற்றினாலும் அதே இன்டர்ஃபேஸைப் புதியதில் மாட்டலாம், மேக் அட்ரஸ் மாறாது. ஒரே வளாகத்துக்கு மட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் இந்த வழி செல்லாது, முதலில் அதைப் படியுங்கள். போர்ட்டுகளை விபிஎன்னுக்குள் (உங்கள் ஆட்கள் மட்டும் நுழையும் தனி இணைப்புக்குள்) மட்டும் திறங்கள். ஃப்ளெக்ஸ்நெட் இயல்பாகப் பாஸ்வேர்ட் கேட்பதில்லை. இணையத்தில் திறந்து கிடந்தால், முகவரியும் போர்ட் எண்ணும் தெரிந்த யாரும் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதை எடுத்துக்கொள்ளலாம்.